நான்கு கடன், ஒரு வீடு: அண்ணன் யாருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்?

செல்லூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் செல்லூரில் ஆறு விசைத்தறிகளை வைத்துத் துண்டும் லுங்கியும் நெய்து விற்றுவந்தார். நூல் விலை ஏறிய நேரத்தில் இரண்டு பெரிய கொள்முதல்காரர்களும் பணத்தை நிறுத்திவைத்ததால் தொழில் படுத்துவிட்டது. இன்று நான்கு தரப்புக்குக் கடன் நிற்கிறது. யாரை முதலில் பார்ப்பது, எதற்கு முதலில் பதில் எழுதுவது என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. விவரங்களை மறைக்காமல் எழுதுகிறேன். அறிந்தவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

குடியிருக்கும் வீட்டைப் பொதுத்துறை வங்கி ஒன்றில் அடமானமாக வைத்து வாங்கிய தொழில்கடனில் அசலும் வட்டியுமாக 18 லட்சம் ரூபாய் பாக்கி. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன் வங்கியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. சர்ஃபேசி சட்டம், பிரிவு 13(2), 60 நாள் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அதன்பின் வங்கியிலிருந்து யாரும் வரவில்லை, தொலைபேசியிலும் அழைக்கவில்லை.

அடுத்தது தனியார் வட்டிக் கடன். தெரிந்தவர் ஒருவர் மூலம் அண்ணன் பத்து வட்டிக்கு 3 லட்சம் வாங்கினார். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு கையில் 2,70,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். தொகை எழுதாத இரண்டு செக்குகளையும், கையெழுத்து மட்டும் போட்ட ஒரு புரோநோட்டையும் வாங்கிவைத்துக்கொண்டார்கள். ஓராண்டுக்கும் மேலாக மாதம் 30,000 ரூபாய் வட்டி கட்டியாகிவிட்டது. அதில் பாதி ரொக்கமாகவும் பாதி செல்பேசிச் செயலி வழியாகவும் போயிருக்கிறது. இப்போது ஒரு செக்கில் 5 லட்சம் என்று நிரப்பி வங்கியில் போட்டு, அது திரும்பியதும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். நோட்டீஸ் கைக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. தினமும் காலையில் இரண்டு பேர் வாசலில் வந்து நின்று, "செக் கேஸில் உள்ளே போகப்போகிறாய்" என்று தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறார்கள்.

அண்ணி பெயரில் நுண்கடன் நிறுவனம் ஒன்றில் குழுக் கடன் இருக்கிறது. சுமார் 40,000 ரூபாய் பாக்கி. தவணை தவறினால் வசூலுக்கு வரும் ஊழியர் இரவு ஒன்பது மணி வரைக்கும் வீட்டிலேயே உட்கார்ந்துகொள்கிறார். கடைசியாக, பல ஆண்டுகளாக நூல் கொடுத்துவந்த வியாபாரிக்கு 2,40,000 ரூபாய் தர வேண்டும். பில்லைத் தவிர அவரிடம் வேறு பத்திரம் எதுவும் இல்லை. அவர் ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

வரவுப் பக்கத்தில், அந்தக் கொள்முதல்காரர்களிடமிருந்து 4 லட்சம் வர வேண்டும். இரண்டு தறிகள் ஓடுகின்றன. செலவு போக மாதம் 15,000 மிஞ்சலாம். அண்ணியிடம் கொஞ்சம் நகை இருக்கிறது. அதை விற்று வட்டிக்காரருக்குக் கொடுத்து வாசல் தொல்லையை முதலில் ஒழித்துவிடலாம் என்று அண்ணன் நினைக்கிறார். அவர் இப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை; வருகிற தபாலைப் பிரிப்பதையும் விட்டுவிட்டார். நகையை விற்பது சரியா? செக் வழக்கில் கைது செய்வார்களா? வீடு போய்விடுமா?

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருநகர்:

தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்கு மிகுந்த கவலை தருவது, மூன்று வாரமாக யாரும் பேசாமல் வீட்டில் கிடக்கும் அந்த வங்கி நோட்டீஸ்தான். வாசலில் நிற்பவர்கள் போடும் சத்தத்தைக் கேட்டு அவர்களுக்கு முதலில் பணம் கொடுப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. கடன் கொடுத்தவர் கையில் என்ன ஆவணம் இருக்கிறது, அதை வைத்து அவர் எந்த நாளில் எதை எடுத்துக்கொள்ள முடியும் என்று பார்த்துத்தான் வரிசையை முடிவு செய்ய வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டை எடுக்கக்கூடியவர் இன்றைக்கு வங்கி ஒருவரே.

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன்பின் அடமானச் சொத்தை நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே எடுத்து விற்கும் அதிகாரத்தை 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வங்கிக்குத் தருகிறது. அதன் முதல் படிதான் 13(2) நோட்டீஸ். முழுப் பாக்கியையும் கட்ட அது 60 நாள் கெடு வைக்கிறது. அந்தக் கெடுவில் உங்களுக்கு இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருக்கிறது; அதை வீணாக்காதீர்கள். இந்த நாள்களுக்குள் அண்ணன் எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்பலாம். வங்கி அதைப் பரிசீலித்து, ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்று பிரிவு 13(3ஏ) சொல்கிறது. நோட்டீஸில் காட்டிய தொகை சரியா, கட்டிய தவணைகள் எல்லாம் வரவு வைக்கப்பட்டிருக்கின்றனவா, அபராதத்தை வட்டியோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போட்டிருக்கிறார்களா என்பதைக் கணக்கு அறிக்கையை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். அபராதத்தைத் தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும், அதன்மேல் வட்டி ஏற்றக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டு, 2024-இல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

60 நாள் கழிந்தால் 13(4)-இன்படி சொத்தின் உடைமையை வங்கி எடுத்துக்கொண்டதாக வீட்டில் அறிவிப்பு ஒட்டி, இரண்டு நாளிதழ்களிலும் வெளியிடுவார்கள். அன்றே வீட்டை விட்டு வெளியேற்றிவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் உடைமை காகிதத்தில் மட்டுமே மாறியிருக்கும். ஆளை வெளியேற்றிப் பூட்டுப் போட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ பிரிவு 14-இன்கீழ் வங்கி மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். உடைமை நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் மதுரையிலேயே இருக்கும் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு நேரே ரிட் மனுவோடு (அதிகாரிகளின் நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்திலேயே போடும் மனு) போகச் சிலர் சொல்லுவார்கள். சட்டத்திலேயே மாற்று வழி இருக்கும்போது ரிட் மனுவை ஏற்பதை உச்ச நீதிமன்றம் 2010 முதல் பலமுறை கண்டித்திருக்கிறது. ஆகவே அந்தச் செலவை முதலில் செய்ய வேண்டாம். ஏலத்துக்கு முன் வழக்கமாக 30 நாள் அறிவிப்பு தர வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, முழுப் பாக்கியையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைக்கும்தான். ஏல நாள் காலையில் பணத்தோடு போய் நின்றால் போதும் என்பது பழைய காலக் கதை.

ஆகவே இந்த வாரமே அண்ணனையும் அழைத்துக்கொண்டு கிளை மேலாளரைப் பாருங்கள். வெறும் கையோடு போகாதீர்கள். ஓடும் தறிகளின் வருமானம், வர வேண்டிய 4 லட்சத்தின் பில்கள், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற கணக்கு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கடிதத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். இரண்டு வழி கேட்கலாம். தவணையை மாற்றியமைப்பது ஒன்று. ஒரே முறையில் ஒரு தொகையைக் கட்டி முடிக்கும் ஓ.டி.எஸ். மற்றொன்று. ஓ.டி.எஸ்.ஸை உரிமையாகக் கேட்க முடியாது, அது வங்கியின் முடிவு என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது. என்றாலும் வீட்டை ஏலம் விடுவதில் வங்கிக்கும் காலமும் செலவும் ஆகும் என்பதால், நாணயமாக எழுதிக் கேட்பவரை அவ்வளவு எளிதில் திருப்பி அனுப்பமாட்டார்கள். என் பணிக்காலத்தில் கடைசிவரை வந்து பேசியவர்களின் வீடுகள் ஏலத்துக்குப் போனதைவிட, பேசாமல் இருந்தவர்களின் வீடுகள் போனதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒப்புதல் கிடைத்தால் தொகை, தேதி, தவணை எல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். பணத்தைக் கடன் கணக்கில் மட்டும் கட்டுங்கள். வசூல் முகவர் கையில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஒரு தவணை தவறினாலும் சலுகை ரத்தாகிப் பழைய பாக்கி முழுவதும் திரும்பி வந்துவிடும். ஆகவே கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். குறைத்துக் கட்டி முடித்த கணக்கு, கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" (குறைத்துத் தீர்க்கப்பட்டது) என்றுதான் நிற்கும் என்பதால் பின்னால் புதுக் கடன் கிடைப்பது கடினம். வீட்டைக் காப்பாற்ற அந்த விலையைக் கொடுக்கலாம் என்பதே என் கருத்து. கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

வழக்கறிஞர், மேலூர்:

வங்கிக் கடனைப் பற்றி மேலே ஐயா எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. செக் நோட்டீஸைப் பற்றி நான் எழுதுகிறேன். அதற்குக் கெடு 15 நாள்; அதில் நான்கு நாள் போய்விட்டது.

மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-இன் 138-ஆம் பிரிவுப்படி, செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். படிக்கப் பயமாக இருக்கும். ஆனால் இது ஜாமீனில் விடத்தக்க குற்றம். நோட்டீஸ் வந்ததற்காகவோ புகார் பதிவானதற்காகவோ போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகாது. நீதிமன்றச் சம்மன் வந்தும் போகாமல் இருந்தால்தான் பிடியாணை வரும். தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவதாலும் பயன் இல்லை. சரியான முகவரிக்கு வந்து மறுக்கப்பட்ட நோட்டீஸ், கொடுக்கப்பட்டதாகவே கருதப்படும். அண்ணன் பிரிக்காமல் வைத்திருக்கும் உறைகள் அனைத்தையும் இன்றே பிரித்து, வந்த தேதியை உறையின் மேல் குறித்து வையுங்கள்.

தொகை எழுதாமல் கொடுத்த செக் என்று சொல்வது மட்டும் தற்காப்பாகாது. கையெழுத்தை ஒப்புக்கொண்டால் கடனுக்காகவே செக் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். மற்றவர் நிரப்பிய செக்குக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் கூறியிருக்கிறது. அந்த அனுமானத்தை ஆதாரத்தால் உடைக்க வேண்டும். செக் கொடுத்தபின் கடனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்திருந்தும் அதைக் கழிக்காமல் முழுத் தொகைக்கும் செக்கைப் போட்டால் 138-ஆம் பிரிவு வழக்கு நிற்காது என்ற 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் உண்டு. ஆகவே முதல் நாள் கைக்கு வந்த 2,70,000, செயலி வழியாகப் போன ஒவ்வொரு தொகை, ரொக்கம் கொடுத்த நாளின் நோட்டுக் குறிப்பு, வாட்ஸப்பில் வட்டி கேட்டு வந்த செய்திகள், வாசலில் பேசியதைப் பதிவு செய்த ஒலி ஆகிய எல்லாவற்றையும் திரட்டி, 15 நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் விரிவான பதில் நோட்டீஸ் அனுப்புங்கள். அந்தப் பதிலில் என்ன சொல்கிறோமோ அதுதான் வழக்கு முடியும் வரை கூட வரும். வழக்கின் எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் காலம் தாழ்த்தினால் செலவு கூடும். குற்றத்தை மறுத்து வழக்கை நடத்தினால், தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

அடுத்து, அந்தப் பத்து வட்டி. மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டப்படி அது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டப்படியான வட்டியோடு கணக்குப் போட்டு வரும் தொகையை நீதிமன்றத்தில் செலுத்திவிட்டுக் கடன் தீர்ந்ததாகப் பதிவு கேட்கும் வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. இந்த வழியைப் பயன்படுத்துவோரும் குறைவு. செல்லூர் மாநகர எல்லைக்குள் வருவதால் காவல் ஆணையர் அலுவலகத்திலும், திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் மனுக் கொடுக்கலாம். வாசலில் நின்று மிரட்டுவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவில் தனிக் குற்றமாகும். கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமும் இயற்றியிருக்கிறது. மனுவின் நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். செக் வழக்கில் அவை உங்கள் பக்கத்து ஆவணங்கள்.

இன்னொரு செக்கும் புரோநோட்டும் அவர்களிடம் இருப்பதால், புரோநோட்டை வைத்து உரிமையியல் வழக்கும் வரலாம். அந்தச் சம்மன் வந்தால் வழக்கறிஞரை அமர்த்தி வக்காலத்துப் போட்டு, 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை நீளும். வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அதை நீக்கக் கேட்க 30 நாள்தான் அவகாசம். தீர்ப்போ 12 ஆண்டு வரை நிறைவேற்றத்தக்கது. அந்த நிலையிலும் நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்வோரின் கருவிகள், மத வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத தாலி போன்ற அணிகள் ஆகியவற்றை ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்யவே முடியாது. ஆணையும் வெறுமனே கட்ட முடியவில்லை என்பதற்காகச் சிறையில் வைக்கக் கூடாது. கையில் வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்ட மறுத்தால்தான் வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் தீர்ப்புச் சொன்னது. தவணையாகக் கட்டும்படி தீர்ப்பிலேயே எழுதக் கேட்கவும் முடியும்.

நகையைப் பற்றி: அது அண்ணியின் சொத்து, முடிவு அவருடையது. என் கருத்தைக் கேட்டால், சட்டத்துக்குப் புறம்பான வட்டிக்காக ஒரு கிராம்கூட விற்க வேண்டாம். விற்றே ஆக வேண்டுமென்றால், வீட்டை மீட்கும் வங்கிச் சமரசம் எழுத்தில் கைக்கு வந்த பிறகு, அதற்காக மட்டும் விற்கட்டும்.

மகளிர் குழுப் பொறுப்பாளர், உசிலம்பட்டி:

அண்ணியின் கடனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நுண்கடன் வசூலுக்கு ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் கொடுத்த விதிகள் தெளிவாக இருக்கின்றன. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. இரு தரப்பும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். அந்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராதவரின் வீட்டுக்குத்தான் போகலாம். உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் தொல்லை செய்யக் கூடாது, கடன் வாங்கியவர் பெயரை வெளியிடக் கூடாது. இரவு ஒன்பது மணி வரை வீட்டில் உட்காருவது இந்த விதிகளுக்கு நேர் எதிரானது. தேதியும் நேரமும் குறித்து அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையம் வழியாகக் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் விவரம் சொல்வார்கள்.

ஆனால் இந்தக் கடனை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரிகளோடு உண்டாகும் மனத்தாங்கல் பணத்தைவிடப் பெரிய சேதம். குழுக் கூட்டத்தில் அண்ணியே நிலைமையைச் சொல்லி, தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்டித் தரும்படி நிறுவனத்திடம் சேர்ந்து கேளுங்கள். 40,000 என்பது இரண்டு தறிகளின் வருமானத்தில் அடைத்துவிடக்கூடிய தொகை. அண்ணனைத் தனியாக இருக்க விடாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் போய்விட்டது என்று நீங்கள் எழுதியதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். நீங்களே கூப்பிட்டு, அவர் கையில் கொடுங்கள்.

மொத்த வியாபாரி, கீழமாசி வீதி:

நூல்காரர் ஒரே ஒரு முறைதான் கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக அவரைக் கடைசியில் தள்ளிவிட வேண்டாம். கையில் பத்திரம் இல்லாவிட்டாலும், பில்லை வைத்து மூன்று ஆண்டுக்குள் அவர் வழக்குப் போட முடியும். ஆனால் அதற்காக நான் சொல்லவில்லை. நாளைக்கு மறுபடி ஆறு தறியும் ஓட வேண்டுமானால் நூல் கொடுக்கப்போகிறவர் அவர்தான். நேரில் போய் உட்கார்ந்து, பாக்கியைக் கணக்குப் பார்த்து, மாதம் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். சிறு தொகையானாலும் சொன்ன தேதியில் கொடுங்கள். கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் வழக்குக் காலக்கெடு புதிதாகத் தொடங்கும் என்பது உண்மைதான். ஏமாற்றும் எண்ணம் இல்லாதவருக்கு அதனால் நட்டமில்லை.

யாரும் இதுவரை பேசாத ஒன்று, வர வேண்டிய அந்த 4 லட்சம். அண்ணனிடம் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால், பதிவுக்குப் பிறகு அனுப்பிய சரக்குக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்திருக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. இத்தகைய பாக்கிகளை விசாரிக்க அரசு அமைத்துள்ள வசதியாக்க மன்றத்தில் இணையம் வழியாக மனுச் செய்யலாம். முதலில் அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். வியாபாரிகளுக்கு வட்டிக் கணக்கு உடனே புரியும். வீட்டைப் பற்றிய பயத்தில் நாம் கொடுக்க வேண்டியதையே எண்ணிக்கொண்டிருந்து, நமக்கு வர வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

செல்லூர்க்காரன்:

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி. உறைகளைப் பிரித்துவிட்டோம். அவற்றில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றம்) வரச்சொல்லி ஒரு கடிதமும் இருந்தது. வங்கிக் கடனைப் பற்றியது. இன்னும் மூன்று சந்தேகங்கள். எங்கள் மாமா, வீட்டை என் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு அண்ணனை மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கச் சொல்கிறார், அது சரியா? லோக் அதாலத்துக்குப் போனால் ஏதாவது வில்லங்கம் வருமா? தவணையை மாற்றித் தருவதென்றால் நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கியில் சொல்கிறார்கள், போடலாமா?

வழக்கறிஞர், மேலூர்:

மாமாவின் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். 13(2) நோட்டீஸ் கிடைத்தபின் வங்கியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அந்த வீட்டை விற்கவோ வேறு வழியில் மாற்றவோ முடியாது. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று எந்த நீதிமன்றமும் அதை ரத்து செய்துவிடும். தேவையில்லாமல் நீங்களும் வழக்கில் எதிரியாக நிற்பீர்கள்.

மஞ்சள் நோட்டீஸ் என்று நம் பக்கத்தில் சொல்வது நொடிப்பு மனு. 2016-ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, நிறுவனக் கடன்களுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் அண்ணனைப் போன்றவர்களுக்கு இன்னும் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். மனுவில் எல்லாச் சொத்தையும் எல்லாக் கடனையும் மறைக்காமல் காட்ட வேண்டும். சொத்து நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போகும். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் உண்மையான விலையில்லாமல் எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்ப எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடமானம் பெற்ற வங்கியின் உரிமையை அந்த மனு தொடாது. வீட்டைக் காப்பாற்ற உதவாத ஒன்றுக்காக ஊரில் பெயரையும் இழக்க வேண்டுமா? எல்லாக் கடனும் அடமானம் இல்லாதவையாக, வருமானமும் அறவே நின்றுபோயிருந்தால் வேறு பேச்சு. உங்கள் அண்ணனின் நிலை அதுவன்று.

லோக் அதாலத் கடிதம் சம்மன் அன்று. போகாவிட்டால் தண்டனை இல்லை. ஆனாலும் அவசியம் போங்கள். வங்கி அதிகாரிகள் தொகையைக் குறைத்துப் பேசும் அதிகாரத்தோடு அங்கு வருவார்கள். சம்மதம் இல்லாமல் எதுவும் தீர்மானமாகாது. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே அங்கு ஒப்புக்கொள்ளும் தொகையை வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால், அண்ணி பெண் என்பதாலேயே வருமானம் எதுவானாலும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். வருமான வரம்புக்குள் வந்தால் அண்ணனுக்கும் கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள்.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றி நன்றாக யோசியுங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அண்ணனிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வர வேண்டும் என்று நீங்கள் சொல்ல முடியாது. உங்கள் சம்பளமும் சேமிப்பும் அந்தக் கடனுக்குப் பதில் சொல்லும். அண்ணன் மீது உள்ள பாசத்தில் போட்டுவிடாதீர்கள். அவருக்கு உதவ வேண்டுமானால், உங்களால் இயன்ற ஒரு தொகையை நேரடியாகக் கடன் கணக்கில் கட்டுங்கள்; கையெழுத்துப் போட்டால் இரண்டு குடும்பமும் ஒரே கடனில் மாட்டிக்கொள்ளும்.

செல்லூர்க்காரன்:

ஜாமீன் போடவில்லை, வழக்கறிஞர் அம்மா. ஆட்சேபக் கடிதத்தையும் வருமானக் கணக்கையும் இன்று வங்கியில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டோம். செக் நோட்டீஸுக்கான பதிலைச் சட்ட உதவி வழக்கறிஞர் தயாரித்துக்கொண்டிருக்கிறார், கெடுவுக்குள் போய்விடும். உத்யம் பதிவு இருக்கிறது. கொள்முதல்காரர்களுக்கு அண்ணனே உட்கார்ந்து கடிதம் எழுதினார். வங்கிக் கணக்கு அறிக்கையில் இரண்டு தவணை வரவு வைக்கப்படாமல் இருப்பதுபோல் தெரிகிறது.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருநகர்:

அந்த இரண்டு தவணைகளைக் கட்டிய ரசீதையோ செலானையோ தேடி எடுத்து, 60 நாள் முடிவதற்குள் ஒரு துணைக் கடிதமாகக் கொடுத்துவிடுங்கள், தம்பி. லோக் அதாலத்தில் தொகை பேசும்போது அந்தக் கடிதத்தின் முத்திரையிட்ட நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.